ஒரு செபத்துக்காக நார்த்மீட் வரை

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் மேரி கொப்பிப் பக்கங்களைப் படம் பிடித்து இங்கே போடுகிறாள், கீழே தட்டெழுதியும் தருகிறாள். படத்தைப் பார்த்தால் தெரியும். வரி மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். நான் எழுபத்திரண்டாவது வயதில் எழுதப் பழகியவன். மெல்பேர்னில் நோபல் பார்க் மண்டபத்தில் புதன்கிழமை வகுப்பு. தமிழ் எழுத்து முழுவதும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் இருபத்தாறும் வந்துவிட்டன. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் சந்தோஷமாக இருக்கிறேன்.

மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கு ரயிலில் போக நினைக்கும் வயதானவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் போனது ஜூன் மாதம், இங்கே குளிர்காலம், ஒரு சனிக்கிழமை. சிட்னியில் நார்த்மீட்டில் என் மகன் அன்ரன் இருக்கிறான். அவன் மனைவி றீற்றாவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, திங்கள் பின்னேரம் நீங்கள் பக்கத்தில இருந்து செபம் சொல்லோணும். பாடமாக்கினது வேண்டாம். உங்கட வாயால சொல்லுங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம் வந்தது. சிறு வயது முதல் செபம் சொல்லி வருகிறேன், ஆனால் எல்லாம் மனப்பாடம். அதில் கடவுளைத் தந்தை என்றுதான் அழைக்கிறோம். சொந்தமாகப் பேசத் தொடங்கினால் மட்டும் என் வாயில் தந்தை வரமாட்டார், சம்மாட்டிதான் வருவார். மன்னாரில் நான் கூலிக்குக் கடலுக்குப் போன வள்ளத்தின் சொந்தக்காரர் அவர். கரைக்கு வந்ததும் அவர் வீட்டு வாசல் படலைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மீன் ஏன் குறைவு, வலை எப்படிக் கிழிந்தது, ஏன் பிந்தினேன் என்று ஒவ்வொன்றாக ஒப்புவிப்பேன். அவர் முகம் இளகினால் மட்டும் ஏதாவது கேட்பேன். கடவுளிடமும் அதே பழக்கம்தான். றீற்றாவுக்காக அப்படி நிற்க எனக்கு மனமில்லை. வேறு விதமும் தெரியவில்லை.

இனிப் பயண விபரம். காலை 6.45க்கு மேரி காரில் ஏற்றினாள். சதர்ன் குறொஸ் நிலையம் 30 கிலோமீற்றர், சனிக்கிழமை என்பதால் 40 நிமிடம்தான். ரயில் 8.30க்கு. ஓய்வூதியச் சலுகையில் எனக்கு 78 டொலர். விலை நாளுக்கு நாள் மாறும் என்கிறார்கள், நேரத்தோடு எடுப்பது நல்லது. மொத்தம் ஏறக்குறைய 950 கிலோமீற்றர், பதினொரு மணி நேரம்.

ஏற்றிவிட்டு மேரி யன்னலடியில் நின்று சொன்னாள்: "சிட்னி சென்ட்ரல் எண்டு சொல்லுமட்டும் எங்கயும் இறங்கப்படாது. விளங்கிச்சோ?"

"ஓம்."

"தேத்தண்ணி குடிக்கவும் இறங்கப்படாது."

"ஓம் பிள்ளை, விளங்கிச்சு."

மூன்று மணி நேரத்தில் மறே ஆற்றைக் கடந்தோம். அதோடு விக்ரோறியா மாநிலம் முடிகிறது. உடனே ஒல்பரி நிலையம். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, இருந்த இடத்திலிருந்தே வாசித்தேன். வாகா வாகாவை இரண்டு முறை வாசித்தேன். பத்து வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ பலகைகளைக் கடந்திருக்கிறேன். ஒன்றும் என்னோடு பேசியதில்லை. அன்று எல்லாம் பேசின. வெளியே ஆடுகளும் உறைபனி படிந்த புல்லும்தான், அவற்றைப் பார்க்க எனக்கு நேரமிருக்கவில்லை.

நாலரை மணிபோல கோல்பேர்ன் வந்தது. என் யன்னலிலிருந்து பலகையில் பாதிதான் தெரிந்தது. மீதியை வாசிக்க இறங்கினேன். ஜீ, ஓ, யூ, எல், பீ, யூ, ஆர், என். எட்டு எழுத்து. வகுப்பில் காட்ட ஒரு படமும் எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது கதவு பூட்டிக்கொண்டது. என் பையும் மருந்தும் சிட்னிக்குப் போயின. கையில் இருந்தது போன் மட்டும்.

அன்ரனை அழைத்தேன்.

"எங்க நிக்கிறியள் அப்பா?"

"கோல்பேர்னில."

"றெயின் கோல்பேர்னில நிக்குதோ?"

"றெயின் போட்டுது. நான் நிக்கிறன்."

பிறகு, "பக்கத்தில ஆராவது வேலை செய்யிற ஆக்கள் நிண்டால் போனைக் குடுங்கோ" என்றான். நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி வாங்கிப் பேசினார். என் பையைச் சென்ட்ரலில் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தார். என்னை உள்ளே கதிரையில் இருத்தித் தேநீரும் தந்தார். அவர் ஆறு மணிக்குப் போய்விட்டார். அதன் பிறகு குளிர் கடுமையாக இருந்தது.

நான் அன்ரனிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தினேன். ஏன் இறங்கினேன், எவ்வளவு நேரம் நின்றேன், மேரியில் பிழையில்லை. மூன்று முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்ரனுக்குப் பத்து வயதிருக்கும்போது வள்ளத்தின் நங்கூரத்தைத் தொலைத்துவிட்டான். அவனை முற்றத்து வெயிலில் நிற்க வைத்து, எங்கே, எப்படி, ஏன் என்று ஒரு மணி நேரம் கேட்டேன். சம்மாட்டி என்னைக் கேட்டது போலவே கேட்டேன். சுகயீனமான மனைவியை வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பிள்ளைதான் இப்போது வந்துகொண்டிருந்தான்.

ஏழு மணிக்குக் கார் வந்தது. நார்த்மீட்டிலிருந்து 190 கிலோமீற்றர். நான் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன்.

"தம்பி, நான் இறங்கினதுக்குக் காரணம் என்னெண்டால்..."

"முதல்ல இந்த ஜக்கெற்றைப் போடுங்கோ." அவனே ஒரு கையைப் பிடித்து நுழைத்துவிட்டான்.

காரில் ஏறியதும் மறுபடி தொடங்கினேன். "பிழை என்னிலதான். மேரி படிச்சுப் படிச்சுச் சொன்னவள்..."

"பின் சீற்றில இடியப்பம் இருக்கு. றீற்றா கட்டித் தந்தவ. சாப்பிடுங்கோ."

"உனக்குக் கோவமில்லையோ?"

"கோவமோ? நீங்கள் குளிருக்க நிக்கிறியளெண்டு யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். வேற ஒண்டும் யோசிக்கேல்லை." பிறகு போனைக் கேட்டு வாங்கிப் படத்தைப் பார்த்தான். "நல்ல படம். உங்கட பெருவிரல்தான் வடிவா வந்திருக்கு."

வழியில் இடியப்பத்தைச் சாப்பிட்டேன். என் விளக்கம் அவனுக்குத் தேவைப்படவேயில்லை. நான் அதை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பாதி வழி வந்துவிட்டான். நான் சொல்லாமலே என் தேவை என் பிள்ளைக்கே தெரிந்திருந்தால், தந்தை என்று நாங்கள் அழைக்கிறவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும். எழுபது வருடமாக அவரைப் படலைக்குள் நிற்கிறவராகவே நினைத்திருந்தேன்.

திங்கள் மாலை றீற்றாவுக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்தேன். இருந்துகொண்டு செபம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எவ்வளவு நல்லவள் என்று சொல்லவில்லை. நான் செய்த பிழைகளையும் வரிசையாகச் சொல்லவில்லை.

"அப்பா, இவவுக்குப் பயமாயிருக்கு. எனக்கும் பயம். நாளைக்கு இவவோட இருங்கோ."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

றீற்றா ஒரு கண்ணைத் திறந்தாள். "முடிஞ்சுதோ மாமா?"

"ஓம், முடிஞ்சுது."

"நீங்கள் அரை மணித்தியாலம் எடுப்பியளெண்டு இவர் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்தவர்" என்று அன்ரனைக் காட்டிச் சிரித்தாள். தொண்டை நோகச் சிரித்தாள்.

சிகிச்சை மூன்று மணி நேரம் நடந்தது. இப்போது வீட்டில் இருக்கிறாள், கஞ்சி குடிக்கிறாள். கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மருந்தைச் சட்டைப் பையில் வையுங்கள். ஜூனில் கம்பளிச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மேற்கே பரமட்டா பக்கம் போகிறவர்கள் சென்ட்ரலில் மாறினால் இன்னும் அரை மணி நேரம்தான். பலகையை யன்னலுக்குள் இருந்தே வாசியுங்கள்.

நம்பிக்கை ஒரே நாளில் முழுதாக வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்று காலை செபத்திலும் கை தானாகக் கட்டிக்கொண்டது. றீற்றா எத்தனை நாள் உபவாசம் இருந்தாள் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டேன். பாதியில் நிறுத்தி, கையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். சோதனை முடிவு வியாழக்கிழமை வரும். அது எப்படி வந்தாலும் அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுவேன். உங்களுக்கு முன் அவரிடம் சொல்வேன், அழவேண்டி வந்தால் அழுதுகொண்டே, கதிரையில் இருந்துகொண்டே.