கெண்டையோடு வந்தவர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு வாளி. அதில் ஒரே ஒரு கெண்டை. நரைத்த தாடியும் நனைந்த சட்டைக் கையுமாக, அவர் தண்ணீரை ஓயாமல் அளைந்துகொண்டிருந்தார்.

“என்னா சார், கொழம்பு உசுரோட போவுதா?” என்றார் நடத்துநர்.

அவர் சிரிக்கவில்லை. மீனின் செவுளில் ஒட்டி வாழும் புழுக்களை உயிரோடு தன் கல்லூரிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

“மீன் செத்தா வேற மீனுக்குப் போயிடாதா சார்?” என்றேன்.

“போவாதுங்க. அதுங்க கொக்கியே இந்தச் செவுளுக்குன்னு அமைஞ்சது. வேற மீன்ல பிடி நிக்காது.” பிறகு மெல்லச் சொன்னார்: “வீட்லகூட யாரும் இதக் கேட்டதில்லீங்க.”

சூளகிரி அருகே லாரி நெரிசலில் வண்டி வெகுநேரம் நின்றது. வெயிலில் தண்ணீர் சூடேறி, கெண்டை மல்லாந்து மிதந்தது. அவர் தோள் துண்டால் வாளியை மூடி, வெயில் படாமல் குனிந்து மறைத்துக்கொண்டார்.

“மீன்தான் போயிடுச்சே சார்.”

“அதுங்களுக்கு இன்னும் தெரியாதுங்க.”

ஓசூரில் அவர்தான் முதலில் இறங்கினார். வாளி தளும்பாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனியாக விரைந்தார். அவை பிழைத்தனவா என்று விசாரிக்க, அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.