நிக்கல் பூசிய தாழ்ப்பாள்கள்

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகு, சீமைச் சாமான் விற்கும் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வேலை போயிற்று. சாமானே வராத கடையை முதலாளி எத்தனை நாள்தான் திறந்து வைத்திருப்பார்? மெட்ராஸில் வேறு வேலை கிடைத்தது. புதுச்சேரி வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புவது என்று முடிவாயிற்று. இதெல்லாம் என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவேன் என்று பயந்தார்களாம். பயந்தது நியாயம்தான்.

முதலில் ஒருவர் வந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர் என்றார்கள். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. கடற்காற்றில் எங்கள் வீட்டு இரும்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. வெள்ளையடிக்கவோ ஓடு மாற்றவோ வசதியில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு யோசனை சொன்னார்.

"அக்கா, வர்றவங்க கை படறது தாழ்ப்பாள்லயும் கைப்பிடிலயும்தான். அத மட்டும் பளபளன்னு ஆக்கிட்டா போதும்."

சைக்கிள் சாமான்களுக்கு நிக்கல் பூசும் பட்டறைக்காரர் அவருக்குப் பழக்கம். துருவை நாங்களே தேய்த்துக் கொடுத்துவிட்டால், சைக்கிள் சாமான்களோடு சேர்த்துத் தொட்டியில் போட்டு எடுத்துத் தருவார், கூலி பாதிதான் என்று பேசி முடித்துவிட்டு வந்தார்.

மறுநாளே வீட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, அலமாரிப் பிடி எதையும் விடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தோம். மூட்டை பட்டறைக்குப் போனதும் கதவுகளைக் கயிற்றால் கட்டினோம். என் அலமாரியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மழைக்கு ஒழுகும் சமையலறையைக் கவனிக்காதவர்கள் கொக்கியைப் போய் ஏன் இப்படிச் சீராட்டுகிறார்கள்? மாமாவிடம் கேட்டேன்.

"பளபளன்னு இருந்தா உனக்குக் கசக்குதா?" என்றார்.

அம்மாவிடம் கேட்டால், போய்ப் படி என்றாள்.

மூட்டை திரும்பி வந்ததும் ஓடிப்போய் அவிழ்த்தேன். ஒவ்வொன்றிலும் என் முகம் தெரிந்தது. அலமாரிப் பிடி ஒன்று குறைந்தது. அதற்குப் பதில் யாருடையதோ சைக்கிள் மணியின் மூடி வந்திருந்தது. மாமா அசரவில்லை, அதையே என் அலமாரியில் முடுக்கிவிட்டார். எங்கள் வீட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். அம்மா மட்டும் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது ஏன் என்று விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். இவர்களும் தெரிந்தவர்கள் என்றார் அப்பா. யாராயிருந்தால் என்ன, காட்டுவதற்கு ஆள் கிடைத்ததே! அந்த அம்மாவின் கையைப் பிடித்து அறை அறையாக இழுத்துப் போனேன். ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டுத் திறந்து காட்டினேன். இந்த ஜன்னலைத் திறந்தால் சிலுசிலுவென்று காற்று வரும், இங்கே படுத்தால் கடல் சத்தம் கேட்கும், மணி மூடி வைத்த அலமாரி என்னுடையது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சமையலறை ஒழுகுவதையும் உளறிவிடுவேனோ என்று அப்பா பின்னாலேயே இருமிக்கொண்டு வந்தார். நான் சொல்லவில்லை. என் வீட்டை நானே எதற்குக் குறை சொல்ல வேண்டும்?

"பொண்ணே எல்லாத்தயும் காட்டிடுச்சி, இன்னும் என்னா பாக்கறது?" என்று அந்த அம்மா தன் கணவரிடம் சொன்னார்.

பெரியவர்கள் கூடத்தில் பேசி முடித்தார்கள். அப்பா வெகு நாள் கழித்து அன்றுதான் சிரித்தார். அவர்கள் கிளம்பும்போது நான் வாசல்வரை ஓடினேன்.

"மறுபடி எப்ப வருவீங்க?"

"தை மாசம் வர்றோம் பாப்பா."

"கண்டிப்பா வாங்க. நா எங்கயும் போமாட்டேன், இங்கதான் இருப்பேன்."

அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து, சரியாகவே இருந்த தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தார். வீட்டில் இருப்பேன் என்று சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.