கொழுந்து எடுக்கும் கைக்கு ஒரு ரவிக்கை

1. ஈரக் குடை

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் கட்டிங் மேசையின் மேல் ஒருவர் ஈரக் குடையை வைத்தார். மேசையில் அப்போது வெள்ளை மல் துணி விரித்திருந்தேன். குடையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"சட்டை தைக்கச் சொன்னா, கையக் கட்டிப்போட்டு அனுப்பியிருக்கீங்களே டீச்சரம்மா!" என்றார்.

அவர் ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்கள் நாற்பது பேர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். நான் டீச்சர் இல்லை. மிஷன் தையல் அறையில் இரண்டு வருடம் படித்து சர்டிபிகேட் வாங்கியபின், பதுளைக் கடைவீதியில் காதர் முதலாளியின் துணிக்கடையில் பெண்களுக்கான தையல் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகுதி என்றால் ஒரு திரை, ஒரு மேசை, ஒரு கை மெஷின், நான். ஆனால் தோட்டத்து மக்களுக்குக் கழுத்தில் டேப் போட்டிருக்கும் பெண்கள் எல்லாரும் டீச்சர்தான்.

கங்காணியின் புகாரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டத்துப் பெண்கள் நான்கு பேர், நான் தைத்த ரவிக்கைகளை வாங்கிப் போனார்கள். திங்கட்கிழமை அவற்றைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள். மாலையில் நான்கு பேருக்கும் கொழுந்தின் நிறை குறைந்தது. நிறை குறைந்தால் வேலைப் பதிவேடான செக்ரோலில் அரைப் பேர் விழும். அதாவது நாள் முழுக்க நின்றாலும் பாதி நாள் வேலை செய்ததாகவே பதிவார்கள்.

"மூணு பேரு மறுநாளே பழசப் போட்டுட்டாளுக. முழுப் பேரு வந்திருச்சு. இந்தச் செல்லாயி மட்டும் கழட்ட மாட்டேங்கிறா. மூணு நாளா அரைப் பேரு. நாளைக்கும் குறைஞ்சா, சனிக்கிழமை பெரட்டுல அவ பேரப் புல்லுவெட்டுல சேத்துருவேன். சொல்லிட்டேன்."

பெரட்டு என்பது விடியும் நேரத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் வாசித்து, வேலை பிரிப்பது. அங்கே ஒரு முறை புல்வெட்டுக்கு வாசிக்கப்பட்ட பெண் மறுபடி கொழுந்துக்கு வருவது சுலபம் இல்லை. செல்லாயி அந்தக் கூட்டத்தில் முதல் கை என்று பெயர் எடுத்தவர்.

"சட்டையில என்ன பிழை?" என்று கேட்டேன்.

"எனக்கென்னம்மா தெரியும்? கேட்டா, சட்டை நல்லாத்தான் இருக்குங்கிறா. அதான் வம்பு. நீங்களே வந்து பாருங்க."

முதலாளி கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கங்காணி படி இறங்கியதும் சொன்னார்: "புள்ள, நம்ம கடைல வாங்கிட்டுப் போன ஆக்கள் திரும்பி வாரது இன்னொண்டு வாங்கத்தான் இரிக்கணும். நாளைக்கு ஜும்மா, எப்படியும் கடை அரைநாள்தான். போயிட்டு வாங்க."

2. செல்லாயி கேட்டது

செல்லாயி முதலில் என்னிடம் வந்தது அதற்கு ஒன்றரை வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திரையை விலக்கி உள்ளே வந்ததும் நான் கவனித்தவை: சேலை மடிப்புகள் ஒரே அகலத்தில் இருந்தன. எண்ணெய் தலையில் இருந்தது, நெற்றியில் வழியவில்லை. நகங்களைச் சுற்றிக் கொழுந்துக் கறை இருந்தது, நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. ஐந்து மைல் நடந்து வந்த சேலையில் கசங்கல் இல்லை.

எப்படி என்று கேட்டேன். சவுக்காரம் போட்டுத் துவைத்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, பாதி காய்ந்ததும் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, அதன் மேல் குடும்பத்தோடு படுத்துவிடுவாராம்.

"நாலு பேரு படுத்தாப் போதும். விருந்தாளி வந்து அஞ்சாயிட்டா மடிப்பு கோணிரும்."

அளவுக்குப் பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தோட்டத்துப் பெண்கள் உடம்பில் டேப் வைக்க விடமாட்டார்கள். அளவு ரவிக்கை கொடுப்பதுதான் வழக்கம். அது தொளதொளவென்று இருந்தது. இரண்டு அக்குளிலும் வேறு நிறத் துணியில் சாய்சதுரமாக ஒவ்வொரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. வியர்வையில் இற்றுப்போன இடத்தில் போட்ட ஒட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"அளவு இதுதான். ஆனா இது மாதிரி சாக்கு வேணாம். நீங்க போட்டிருக்கீங்களே, அப்படி உடம்போட நிக்கணும்."

"கோயிலுக்குப் போடவா அக்கா?"

"இல்ல, மலைக்கு."

"வேலைக்கா?"

"ஆமா. டவுன்ல நான் நிக்கிறது ரெண்டு மணி நேரம். அதுக்கு எதுக்கு நல்ல சட்டை? என்னையப் பாக்குற சனம் ஆறு நாளும் மலையிலதான இருக்கு?"

மிஷன் தையல் அறையில் பெண்களின் உடைகளை மூன்றாகப் பிரித்துச் சொல்லித் தந்திருந்தார்கள்: வீட்டுக்கு, வெளியே போக, ஆராதனைக்கு. நாலாவது ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

அவருடன் வந்த மூன்று பேரும் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். பேப்பர் பேட்டர்ன் வெட்டினேன். முன்பக்கம் உடம்போடு ஒட்டி நிற்க டார்ட் என்னும் பிடிப்பு இரண்டு, ஒட்டிய அக்குள், முழங்கை வரை இறுகிய கை. ஒட்டுத் துண்டுகளை விட்டுவிட்டேன். புதுத் துணிக்கு ஒட்டு எதற்கு?

அடுத்த ஞாயிறு ஃபிட்டிங் பார்த்தோம். செல்லாயி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். ஒரு சுருக்கம் இல்லை. இருவரும் திருப்தி அடைந்தோம்.

3. மலையில்

வெள்ளிக்கிழமை விடிந்ததும், தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போகும் மாட்டு வண்டியில் போனேன். கொண்டுபோனவை: கத்தரிக்கோல், ஊசி மூன்று, நூல், டேப், நோட்டுப் புத்தகம், பென்சில். கொண்டுபோகாதது: மாற்றுச் சேலை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையும் பாலிஷ் போட்ட சப்பாத்துமாகப் போயிருந்தேன். வண்டிப் பாதையை விட்டு மலையில் ஏறிய பத்தாவது அடியில் வழுக்கி உட்கார்ந்தேன். எழுந்தபோது சேலை வெள்ளையாக இல்லை.

மேல் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "மலைய அளக்கிறதுன்னா டேப்ப வச்சு அளங்கம்மா. உக்காந்து அளக்காதீங்க!"

சொன்னவர் பொன்னம்மா. என்னிடம் ரவிக்கை வாங்கி, மறுநாளே பழையதற்குத் திரும்பிய மூவரில் ஒருவர். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு வழி இல்லை.

செல்லாயி அவருக்குப் பக்கத்துச் செடியில் நின்றார். என் ரவிக்கை, ஒழுங்காகச் செருகிய சேலை, அதன் மேல் இடுப்பைச் சுற்றிப் படங்கு. படங்கு என்பது செடியின் குச்சி சேலையைக் கிழிக்காமல் இருக்கக் கட்டும் தடித்த சாக்கு. மற்றவர்களுடையது தேயிலைக் கறையில் விறைத்துப் போயிருந்தது. செல்லாயியினுடையது துவைத்தது. சாக்கைத் துவைத்துக் கட்டும் ஒருவரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் பழைய ரவிக்கை, வலப்பக்கம் புதியது.

பொன்னம்மா இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவார். கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசுவார். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடைக்குள் அது விழும். கண் செடியை விட்டு நகராது.

செல்லாயியும் அப்படியே கிள்ளுவார். வேகம் அதிகம். ஆனால் கையைத் தூக்கியதும் ரவிக்கை முழுவதும் கூடவே மேலே ஏறும். இடுப்பு தெரியும். மற்றக் கையால் அதைக் கீழே இழுத்துவிட்டுத்தான் வீசுவார். கை காதுக்கு மேலே போகாது. முக்கால்வாசிக் கொழுந்து கூடையில் விழும், மீதி மண்ணில் விழும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் இழுப்பு. ஐம்பது வீச்சு வரை கோடு போட்டு எண்ணினேன். ஐம்பது இழுப்பு இருந்தது.

மறுபடி பொன்னம்மாவைப் பார்த்தேன். கை உயர்ந்தபோது அக்குளில் மடிந்திருந்த சாய்சதுரத் துண்டு விரிந்தது. கை மட்டும் மேலே போயிற்று. ரவிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

அது ஒட்டு இல்லை. அதற்கு எங்கள் தையல் புத்தகத்தில் கஸெட் என்று பெயர். அதைத் தைத்துக் காட்டி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பாடத்தின் தலைப்பு: ஆண்களின் உள்ளாடை.

4. இரண்டு முக்கோணம்

பகல் நிறுவையில் செல்லாயிக்கு மறுபடி குறைவு. கங்காணி என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பிழை என்னோடது, அக்காவோடது இல்ல. சாப்பாட்டு நேரத்துக்குள்ள சரி பண்ணித் தாறேன்."

"நீங்க என்ன வேணாலும் பண்ணுங்கம்மா. சாயந்தரம் தராசு என்ன சொல்லுதோ அதான்."

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், காம்பரா என்று சொல்லும் செல்லாயியின் ஒற்றை அறைக்குப் போனோம். அவர் ரவிக்கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னம்மாவும் வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"பழசப் போட்டுக்கயேன்டி. ஒரு சட்டைக்காகவா புல்லு வெட்டப் போற?"

"சட்டைக்காக இல்ல. அவரு சொன்னாருன்னு இன்னைக்கி இதக் கழட்டினா, நாளைக்கி மடிப்பு எதுக்கும்பாரு. அப்புறம் கொண்டை எதுக்கும்பாரு. அவரு என்னையக் கூப்பிடுற பேரு தெரியும்ல? மலைத் துரைசாணி."

"கூப்பிட்டா கூப்பிட்டுப் போறாரு. நல்ல பேருதான?"

"அதான் நானும் கழட்டல."

சிக்கல் துணியில் வந்தது. கஸெட்டுக்குத் துணி வேண்டும். நான் கொண்டுவரவில்லை. பொன்னம்மா எழுந்து போய்ப் பழைய படங்கு ஒன்றை எடுத்து வந்து, "இதுல வெட்டிக்கங்க, ஆயுசுக்கும் கிழியாது" என்றார்.

"அந்தச் சாக்க வச்சுத் தைச்சா, நானே போயிக் கத்திய எடுத்துக்கிட்டுப் புல்லுவெட்டுல நிக்கிறேன்" என்றார் செல்லாயி.

ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். கீழ் விளிம்பில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பது மிஷன் பழக்கம். பின்னால் துவைத்துத் துணி சுருங்கினால் அவிழ்த்துவிடலாம் என்பதற்காக. அரை அங்குலம் விட்டு மிச்சத்தைச் சுற்றிலும் வெட்டினேன். ஒன்றரை அங்குலப் பட்டி கிடைத்தது. சாய்சதுரத்துக்கு அந்த அகலம் போதாது. அதனால் ஒரு கைக்கு இரண்டு முக்கோணம் வெட்டி, நடுவில் சேர்த்து, சாய்சதுரம் ஆக்கினேன். அக்குளில் நான்கு தையலும் கூடும் இடத்தை அவிழ்த்து அதைப் பொருத்தினேன். கைத்தையல்தான், பின்தையல் போட்டு. மூலைகளில் இரட்டிப்பு.

இரண்டு கையும் வேலையில் இருந்ததால் பொன்னம்மா ரொட்டியைச் சம்பலில் தொட்டு என் வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். உறைப்பில் கண்ணீர் வந்தது. ஓர் ஊசி உடைந்தது. மறுபடி வேலைக்குக் கூப்பிடும் கொம்பு ஊதியபோது கடைசி மூலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

செல்லாயி போட்டுக்கொண்டு, கைகளை முதலில் தொங்கவிட்டுப் பார்த்தார். முன்பு போலவே நின்றது. பிறகு தோளுக்கு மேலே வீசிப் பார்த்தார். இன்னொரு தரம் வீசினார். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

5. சாயந்தரத் தராசு

பகலுக்குப் பிறகு நான் எண்ணவில்லை. எண்ண எதுவும் இருக்கவில்லை. இழுப்பு நின்றிருந்தது.

மாலையில் நிறுக்கும் கொட்டகையில் வரிசை நின்றது. கணக்கப்பிள்ளை தராசைப் படித்து நிறையைச் சொல்ல, கங்காணி பக்கத்தில் நின்று கேட்டார். செல்லாயியின் கூடை ஏறியது. கணக்கப்பிள்ளை பகல் நிறையோடு இந்த நிறையையும் கூட்டினார். ஒரு தரம் கூட்டி, மேலே பார்த்து, மறுபடி கூட்டினார். வேண்டியதைவிட மூன்று ராத்தல் கூடுதல்.

"முழுப் பேரு" என்றார்.

கங்காணி கொழுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தார். முற்றிய இலை இருக்கிறதா என்று தேடினார். இல்லை. குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரிதான். ஆனா நாளைக்கி தொரை வந்து, கொழுந்தெடுக்க வந்தவளா கல்யாணத்துக்கு வந்தவளான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"கொழுந்த நிறுத்தாச்சில்ல கங்காணியாரே, அப்புறம் என்ன? சட்டையையும் தட்டுல ஏத்தணுமா?" என்றார் செல்லாயி.

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. கங்காணி அடுத்த கூடையைக் கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை பெரட்டைப் பற்றி அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது தெரியாமலேயே நான் பதுளைக்குத் திரும்பினேன்.

இப்போது என்னிடம் தையல் படிக்க வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அளவு நோட்டில் மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம் இரண்டாம் வரியில்தான் தொடங்கும். முதல் வரி, இந்த உடையில் என்ன வேலை செய்வீர்கள் என்பது. வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள். மாவரைப்பவர் கையைச் சுற்றிக் காட்டுவார். பள்ளிக்கூடத்து ஆசிரியை கரும்பலகைக்குக் கையை நீட்டுவார். சிலர் வெட்கப்படுவார்கள். காத்திருங்கள். கண்ணாடிக்கு முன் கை தொங்க நிற்கும் ஆளுக்குத் தைத்தால், அந்த உடை ஒரு நாளில் கால் மணி நேரம்தான் அழகாக இருக்கும். மிச்ச நேரம் அதைப் போட்டவர் இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். பழைய உடையில் உங்களுக்குப் புரியாத தையல் ஒன்று இருந்தால், அதை ஒட்டு என்று முடிவு செய்வதற்கு முன் போட்டிருப்பவரைக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் நான்கு பெண்களுக்கு அரைப் பேர் விழுந்திருக்காது.

அந்த வாரம் கழிந்து திங்கட்கிழமை காலை, அரிசி ஏற்ற வந்த தோட்டத்து வண்டிக்காரரைக் கடை வாசலில் பிடித்தேன். சனிக்கிழமை பெரட்டில் செல்லாயியின் பேரை எதில் வாசித்தார்கள் என்று கேட்டேன்.

"கொழுந்துலதான்" என்றார்.

"எந்தச் சட்டையோட நின்னாங்க?"

அவர் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தச் சட்டையோடதாம்மா. முன் வரிசையில."