சவுரிராயன் வாங்கிய பந்தய வண்டி

விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வாங்கிச் சீமைக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் துரை வைத்திருந்த காருக்கு இரண்டே சீட். தரையோடு தரையாகப் போகும் சிவப்பு வண்டி. பந்தயத்துக்கென்று செய்தது என்பார் துரை. சாயங்காலம் புதுச்சேரிக்குப் போய்க் குடித்துவிட்டு, திரும்பும்போது பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்கிப்போவார். ஓட்டிக்கொண்டு வருவது சவுரிராயன்.

அவன் கெடார்ப் பக்கம் சேரியில் பிறந்தவன். அப்பன் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். பாதிரியார் சிபாரிசில் கம்பெனிக்கு வண்டி கழுவ வந்து, பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டான். லைசென்சும் எடுத்தான். அதிகம் பேசமாட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் முகம் மலர்ந்துவிடும்.

1938இல் துரை, வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டுச் சீமைக்கே திரும்பிப் போய்விட்டார். வண்டியைச் சீந்த ஆளில்லை. ஓடிய மைலைக் காட்டும் எண் எழுபதாயிரத்தில் நின்றே வெகுநாள் ஆகியிருந்தது. புகை தள்ளியது, எண்ணெய் குடித்தது, மேட்டில் ஏறும்போது கியர் தானாக நழுவியது. ஒரு பஸ் முதலாளி சக்கரங்களை மட்டும் கழற்றிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட அன்று சவுரிராயன் சாப்பிடவில்லை.

மறுநாள் கோதண்டபாணி முதலாளியைப் பார்க்கப் போனான். விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று என்று அவருக்கு இரண்டு டென்ட் கொட்டகை. படம் மட்டும் ஒரே பிரதி. இங்கே ஓடி முடிந்த ரீல்களை அங்கே பஸ்ஸில் அனுப்புவார். பஸ் தாமதித்தால் திண்டிவனத்துக் கொட்டகையில் மண்ணை வாரி இறைப்பார்கள்.

“ரீல் பெட்டிய துரை வண்டியில நான் கொண்டாந்து சேர்த்துடறேங்க. ஜல்தியா வந்துடும்” என்றான்.

“வண்டி சரியா ஓடுமா?”

“ஓடும்ங்க.”

வீட்டுமனைக்கென்று சேர்த்த பணத்தை அவன் மனைவி ஜெயம் எடுத்துக் கொடுத்தாள். போதவில்லை. காதில் கிடந்ததையும் கழற்றினாள். கம்பெனி குமாஸ்தா நடராசன் இரக்கமுள்ளவர்.

“இன்னாப்பா, குறைச்சுக் கேளேன். இன்ஜின் போச்சு, கியர் போச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லு. நான் துரைக்கு எழுதிக் கேக்கறேன்” என்றார்.

சவுரிராயன் வண்டியைப் பார்த்தான். அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பெட்டிகளைப் பக்கத்து சீட்டில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி, விக்கிரவாண்டி வழியாகப் பறப்பான். திண்டிவனத்தில் சிவப்பு வண்டி தெரிந்ததும் டிக்கெட் வாங்க நின்ற கூட்டம் கைதட்டும். வந்த கூலியைப் பெட்ரோலும் எண்ணெயும் தின்றன. ஜெயத்துக்கு அந்த வண்டியில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று ஆசை. சீட்டில் எப்போதும் பெட்டிதான் இருந்தது.

ஈஸ்டர் அன்று கோதண்டபாணி அவனுக்கு லீவு கொடுத்தார். புதுச்சேலை கட்டிக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் அவன் பிறந்த ஊருக்குக் கிளம்பினார்கள். சேரிக்குப் போக வேண்டுமானால் ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். தெரு முனையில் நாலு பேர் குறுக்கே நின்றார்கள்.

“எறங்குடா. எங்க தெருவுல ஒக்காந்துக்கினா போவே?” என்றார் ஒருவர். சவுரிராயனின் அப்பன் ஏர் ஓட்டிய நிலத்துக்காரர் அவர்.

“வேற வழி இல்லீங்களே.”

“தள்ளிக்கினு போ. பொண்டாட்டியையும் எறக்கு.”

இன்ஜினை நிறுத்தினான். கதவுப்பக்கம் நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளினான். ஜெயம் பின்னால் நின்று தள்ளினாள். வண்டி சின்னதுதான், ஆனால் மணல் தெரு. இருபுறமும் வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை. தெரு முடிந்ததும் இன்ஜினைக் கிளப்பப் பார்த்தான். கிளம்பவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. சேரிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள்.

ஒருவழியாக இன்ஜினைக் கிளப்பி, திரும்புகையில் ஊர்த்தெருவுக்குப் போகாமல் வயல் வரப்பை வெட்டி வண்டியை வெளியே கொண்டுவந்தபோது, அடியில் எதிலோ இடித்தது. ஜெயம் அதில் ஏறவில்லை.

“நான் பஸ்ஸுல வர்றேன். நீங்க போங்க” என்றாள்.

இடித்தது புகைக்குழாயில். மறுநாள் குனிந்து பார்த்தான். பக்கத்து சீட்டுக்கு நேர் கீழே குழாய் விரிசல் விட்டிருந்தது. மாற்றக் காசில்லை. களிமண் அப்பிக் கம்பி சுற்றினான். கோதண்டபாணி சத்தத்தைக் கேட்டுவிட்டு, “இன்னாய்யா, வண்டி பேஜாரு பண்ணுதா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. ஓடும்.”

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் விக்கிரவாண்டி தாண்டியதும் கால்பக்கம் பலகை கருகும் வாடை வந்தது. நிறுத்துவதற்குள் கீழ்ப்பெட்டி பற்றிக்கொண்டது. அந்தக் காலத்து பிலிம் பற்றினால் வெடிமருந்துபோல எரியும். வண்டியை விட்டு ஓடியிருக்கலாம். அவன் கயிற்றை அறுத்து மேல் பெட்டிகளை வாரி வெளியே போட்டான். கடைசிப் பெட்டியின் தகரம் பழுக்கக் காய்ந்திருந்தது. அதையும் வெறுங்கையால்தான் இழுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். உயிர் தங்கியது. விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிப்போயின. ஜெயம்தான் ஊட்டினாள்.

“குழாய் போயிருந்தது உனக்குத் தெரியாதாய்யா? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்று பார்க்க வந்த கோதண்டபாணி கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சவுரிராயன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவர் போலீசுக்குப் போகவில்லை. எரிந்த ரீல்களுக்கு ஈடாக, மிஞ்சிய வண்டியை எடுத்துக்கொண்டு, திண்டிவனத்துக் கொட்டகையில் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விடும் வேலையைக் கொடுத்தார். ஜெயம் வாசலில் வேகவைத்த மல்லாட்டை விற்றாள். பெட்டி மறுபடியும் பஸ்ஸில் வந்தது. தாமதமானால் ஜனங்கள் வாசலில் நின்ற அவனைத்தான் திட்டினார்கள்.

யுத்த காலத்தில் இரும்புக்குக் கிராக்கி வந்தபோது, கொட்டகைக்குப் பின்னால் கிடந்த வண்டியைக் கோதண்டபாணி விற்றுவிட்டார். மாட்டுவண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை என்று சவுரிராயனையும் கூப்பிட்டார்கள். அவன் முழங்கைகளைக் கொடுத்துத் தூக்கினான். மாட்டுவண்டி தெரு திரும்பியதும் ஆட்டத்துக்கு மணி அடித்தது. போய் வாசலில் நின்றான்.