எந்த ஓம்?

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்திருந்த என் மகள் தர்சினி என்னிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் போடுகிற மாதிரி "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பா, நான் இப்ப என்ன சொன்னனான்?"

மாட்டிக்கொண்டேன்.

காது கேட்கவில்லை என்றில்லை. கேட்டது. ஆனால் 'புத்தாக்கம்', 'எண்மிய மாற்றம்' என்று அவள் தொடங்கினால் என் மூளை கதவைச் சாத்திவிடும். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் மண்கும்பானில் சின்னக் கடை. நாலு பேர் சேர்ந்து நின்றால் கதைக்கவே கூச்சப்படுகிற ஆள்.

என் மகளோ கொழும்பில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். என்ன மாஸ்டர்ஸ்? அதுதான் சிக்கல். புத்தாக்கமும் டிஜிட்டல் மாற்றமும் பற்றிய பொருளியலாம். கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நான் "பொருளாதாரம்" என்பேன். "அப்ப கணக்காளரோ?" என்பார்கள். விளக்க வெட்கப்பட்டு "ஓம்" என்றுவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் தன் பழுதான போனைக் கொண்டுவந்து தந்தார். பிள்ளை டிஜிட்டல் படிக்கிறாள் எல்லோ... வரும்போது திருத்தித் தரட்டாம்.

எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். புதிதாக ஒன்று வருகிறது. ஓர் ஊர் அதைப் பிடித்துக்கொள்கிறது, இன்னோர் ஊர் விட்டுவிடுகிறது. ஏன்? அந்த 'ஏன்'தான் படிப்பு. என் கடையிலும் வங்கிக்காரர் தந்த கியூஆர் மட்டை ஒன்று இருக்கிறது. அதை ஸ்கான் பண்ணியவர்களைவிட, வெக்கைக்கு எடுத்து விசிறியவர்கள்தான் அதிகம். இதையெல்லாம் படிக்க ஒரு படிப்பா என்று எனக்கும் தோன்றியதுண்டு. வெளியே சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படிப்புக்காகத்தான் அவள் நிரந்தர வங்கி வேலையை விட்டாள். விடுவதற்கு முன் என்னைக் கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் இன்னும் பயங்கரம். அவளுடைய ஆய்வு நெடுந்தீவு மீனவர்களைப் பற்றியது. போனில் ஒரு ஆப். அதில் மீன் விலையைப் பார்க்கலாம். வெளியூரில் இருந்து வாங்குகிறவருக்கு நேரே விற்கலாம். நெடுந்தீவார் இதைப் பாவிப்பார்களா? போய்க் கேட்டாள். எல்லாரும் "ஓம்" என்றார்கள். எல்லாக் கேள்விக்கும் ஓம். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

கொழும்பில் அவளுடைய ஆய்வை மேற்பார்க்கிற மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உலகத்தில எங்கயும் சனம் இப்பிடிப் பதில் சொல்லாது. இதைப் போய்க் கேட்டு எடுத்தனீரோ, வீட்டில இருந்து நீரே போட்டனீரோ?" என்று கேட்டிருக்கிறார். மாத முடிவுக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் ஆய்வைத் தள்ளிவிடுவாராம்.

வேலையும் போய், படிப்பும் போய், பொய்க்காரி என்ற பெயரோடு என் பிள்ளை திரும்பி வருவதா? இந்தப் பயம் பிடித்த பிறகு அவள் சொன்ன எதுவும் உள்ளே போகவில்லை; ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, அந்த ஓமைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

"எந்த ஓம்?"

"இப்ப சொல்லிக்கொண்டிருந்த ஓம்."

"...ஓம்."

"இதுதான்! நெடுந்தீவில எல்லாரும் சொன்னது இந்த ஓம்தான்!"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் வந்தது. "இவற்ற ஓமை நம்பி ஆராய்ச்சி செய்யாத பிள்ளை. என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு 'பிள்ளையைப் பிடிச்சிருக்கோ' எண்டு என்ர அப்பு கேட்டவர். ஓம் எண்டார். பிறகுதான் தெரியும்... தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ எண்டு கேட்டதெண்டு நினைச்சவராம்!"

மறுக்க முடியவில்லை. நடந்தது அதுதான்.

யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு நாளில் சொல்லும் ஓம்களில் எத்தனை உண்மையான ஓம்? 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு' — அது ஓர் ஓம். 'விளங்கவில்லை, ஆனால் கேட்க வெட்கம்' — அது இன்னோர் ஓம். 'உன் மனம் நோகக் கூடாது' என்பதற்கும் ஓம்தான். கடல் கடந்து, வெயிலில் நடந்து வந்து ஒரு பெண்பிள்ளை கேட்கும்போது முகத்துக்கு நேரே இல்லை என்று யார் சொல்வார்?

அடுத்த நாளே அவள் திரும்ப நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டாள். நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு எடுத்ததும் கடல் தூக்கிப் போட்டது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா, பயமோ?"

"இல்லை."

"இது எந்த இல்லை?"

அவளுக்குச் சிரிப்பு. நான் பலகையை விடவில்லை.

சூசை அண்ணை என்றொரு மீனவர். கல்மதிலின் நிழலில் இருந்து படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"என்ன தங்கச்சி, திரும்பவும் வந்திட்டியள்? நான்தான் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப் போட்டன் எல்லோ?"

"அது இருக்கட்டும் மாமா. நேற்று மீனை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

இவள் ஆப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குப் பதற்றமாக இருந்தது. வந்த விஷயத்தைக் கேட்காமல் இதென்ன கதை?

"வேற ஆருக்கு? ராசனுக்குத்தான். இஞ்ச வந்து மீன் எடுக்கிற முதலாளி."

"அவர் விலை குறைச்சுச் சொன்னால்?"

"சொல்லுவான். நாங்களும் பேசுவம். ஆனா ஐஸ் கொண்டுவந்து தாறதும் அவன்தான். போன மாரியில மனிசி நெஞ்சு நோகுது எண்டு துடிக்க, அவன்ர வள்ளத்திலதான் அக்கரைக்குக் கொண்டு போனது."

"அப்ப, ஆப்பில கூடின விலை சொன்னால் வேற ஆளுக்குக் குடுப்பியளோ?"

சூசை அண்ணை துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்கு எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது? ஆப் நல்ல சாமான்தான். விலை பார்க்கலாம். ஆனா வேற ஆளுக்கு வித்துப்போட்டு ராசன்ர முகத்தில முழிக்க ஏலாது."

என் மகளின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "மாமா, இந்த இல்லைக்காகத்தான் நான் திரும்ப வந்தனான்!"

"அட, இதை முதலே சொல்லியிருக்கலாமே? நான் வடிவா இல்லை எண்டிருப்பன்!"

அன்று பின்னேரம் வரை வீடு வீடாகப் போனோம். நிறைய 'இல்லை'கள் கிடைத்தன. சில உண்மையான ஓம்களும் கிடைத்தன. வித்தியாசம் எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டேன். உண்மையாக ஓம் சொல்கிறவர்கள் உடனே கேள்வி கேட்பார்களாம். 'சிக்னல் இல்லாட்டி என்ன செய்யிறது? மீன் பழுதாப் போனா ஆர் பொறுப்பு?' சும்மா ஓம் சொல்கிறவர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

திரும்பி வரும்போது கடல் அடங்கியிருந்தது. நான் அடங்கவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"அப்பா, வேலையை விட்டிட்டுப் படிக்கட்டோ எண்டு கேட்டனான். ஓம் எண்டனீங்கள். ஒரு கேள்வியும் கேட்கேல்லை."

எஞ்சின் இரைந்தது. கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அது பயந்த ஓம் பிள்ளை."

அவள் முகத்தைத் திருப்பினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இன்னொரு ஓம் சொல்லியிருக்கலாமோ?

கடைசியில் நானே கேட்டேன். "இதைப் படிச்சால் எங்க வேலை எடுப்பாய்? அங்க உனக்கு என்ன வேலை தருவினம்? இந்த மேடம் நம்பாட்டி என்ன செய்வாய்?"

திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். சிலதற்கு அவளிடமும் பதில் இல்லை. குறிகட்டுவான் வந்து சேரும்வரை நான் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.

புதிய பதில்களையும், எங்கள் ஊர் ஓம்களைப் பற்றிய விளக்கத்தையும் மேடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். நேற்றுக் காலை பதில் வந்தது. ஒரேயொரு சொல். 'ஓகே.'

நேற்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் அவளுடைய போனைச் சுற்றியிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம்... இது எந்த ஓகே?