ஹார்ன் அடித்தால் அப்பாவா?

பிள்ளைகளே, "மழை பெய்தால் தரை நனையும், தரை நனையவில்லை என்றால் மழை பெய்யவில்லை, இரண்டும் ஒன்றே" என்று நேற்று சத்தமாகப் படித்தீர்கள். எனக்கு என் அம்மாவின் குரல் கேட்டது.

என் சின்ன வயதில் ஓர் இரவு, என் தம்பி காய்ச்சலில் துடித்தான். அப்பா மருந்துக்கு மலைக்குக் கீழே ஒடுகத்தூர் போயிருந்தார்.

"உங்கப்பா வந்தா ரோட்டு வளைவுல ஜீப்பு ஆரன் அடிக்கும்டா" என்றாள் அம்மா.

ஹார்ன் கேட்டதும் வளைவுக்கு ஓடினேன். ஜீப் நிறைய அரிசி மூட்டைகள்தான்.

"ஆரன் அடிச்சாலே உங்கப்பான்னு நானா சொன்னேன்?" அம்மா அழுதாள். "அடிக்கலன்னா வரலன்னு தெரிஞ்சிக்கோ."

அப்புறம் ஹார்னே கேட்கவில்லை. விடிந்ததும் அப்பா மருந்தோடு நடந்தே வந்தார். தம்பி இல்லை. அம்மாவின் இரண்டு பேச்சும் சேர்ந்தே பொய்த்தன. இரண்டும் ஒன்றுதானே?

இதை எழுதி முடித்தபோது நீங்கள் பள்ளியிலிருந்து வரும் நேரம் தாண்டியிருந்தது. உங்கள் பள்ளி வேனின் ஹார்ன் கேட்கவில்லை. இருந்தும் வளைவுவரை தனியாகப் போய் நின்றேன்.