முயல் என்று ஒரு பெயர்

அயர்லாந்தின் மேயோ பக்கம், கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் மாலக்கி ராபிட் என்று ஒருவன் இருந்தான். ராபிட் என்றால் முயல். பள்ளிக்கூடத்தில் அவனைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். பெரியவனான பிறகு வாசலில் முட்டைக்கோஸ் இலையை வைத்துவிட்டு ஓடினார்கள். சட்டென்று கைநீட்டி அடிக்கிறவன் என்று அவன் பேரெடுத்தது அதனால்தான்.

தாத்தா காலத்தில் அவர்கள் குடும்பப் பெயர் ஓ குனீன். நிலத்துக்குச் சொந்தக்காரத் துரையின் ஆள் ஒருநாள் வந்து, குத்தகைக்காரர்கள் பெயரையெல்லாம் இங்கிலீஷில் கேட்டான். தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் டெவனி. அவன்தான் பக்கத்தில் நின்று மாற்றிச் சொன்னான். ஐரிஷ் பேச்சில் முயலுக்கும் குனீன் என்றுதான் சொல்வார்கள். டெவனி யோசிக்காமல் ராபிட் என்று சொல்லிவிட, அதுவே பதிவாகிவிட்டது. அந்தப் பெயருக்கு வேர் ஓநாய்க்குட்டி என்று பின்னாளில் ஒரு பாதிரியார் மாலக்கியிடம் சொன்னார். அதிலிருந்து எங்கே போனாலும் அதைச் சொல்லாமல் அவன் விடமாட்டான்.

அப்படிப்பட்டவனுக்கு அந்த டெவனியின் பேத்தி ஓனோராவைப் பிடித்துப்போனது. அவளும் இவனிடம் முகம் கொடுத்துப் பேசுவாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்பே ஊர் வழக்கப்படி ஒரு விஸ்கி பாட்டிலோடு, சித்தப்பா மகன் ஃபெஸ்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனான். பெண்ணின் அப்பா பாட்டிலைத் திறந்தால் சம்மதம். திறக்காவிட்டால் எழுந்து வரவேண்டியதுதான்.

ஓனோராவின் அப்பா தைக் டெவனி அவர்களை அடுப்போரம் உட்காரவைத்தார். பசுக்களைப் பற்றிக் கேட்டார், கூரையைப் பற்றிக் கேட்டார். ஃபெஸ்டி எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டியே சொன்னான். தைக் பாட்டிலைக் கையில் எடுத்தார், தக்கையில் விரலை வைத்தார். பிறகு அப்படியே மேசையில் வைத்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. நிலம் இருக்கு, உடம்புல தெம்பு இருக்கு. ஆனா எம்பொண்ணு திருமதி முயலா? கல்யாணத்துக்கு முன்னாடி கோயில்ல மூணு ஞாயிறு பேர் வாசிப்பாங்களே, ஊரே சிரிக்குமே."

"அந்தப் பேர எங்களுக்கு வச்சது யாரு மாமா? உங்க அப்பாதானே?" என்றான் மாலக்கி.

தைக் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகப் புகைபிடிக்கும் சுங்கானைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார்.

"வச்சாரு. உங்க தாத்தா வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டாரு. ஓநாயா இருந்தா அன்னைக்கே கடிச்சிருப்பாருல்ல?"

துணைக்கு வந்த ஃபெஸ்டியே சிரித்துவிட்டான். மாலக்கி ஓனோராவைப் பார்த்தான். உருளைக்கிழங்குப் பானையின் மேல் குனிந்திருந்தவளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அன்று அவன் யாரையும் அடிக்கவில்லை. அதன்பிறகும் அடித்ததாக யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஓனோரா பக்கத்து ஊர்க் கொல்லன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மனசு உறுத்திய ஃபெஸ்டி, இப்போது எத்தனையோ பேர் பழைய ஐரிஷ் பெயருக்குத் திரும்புகிறார்கள், நீயும் மாற்றிக்கொள்ளேன் என்று வந்து சொன்னான்.

"ஓ குனீன்னு சொன்னா மட்டும்? இந்த ஊர்க் காதுல அதுவும் முயல்னுதான்டா விழும்," என்றான் மாலக்கி.

மாற்றவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சந்தையில் யாராவது பெயர் கேட்டால் அவனே முந்திக்கொண்டு முயல் என்று சொல்வான். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கன்றின் விலையைப் பேசுவான்.